கோர்ட்டுக்குக் கட்டிய சேலை

கோர்ட்டுக்கு எப்படி வர வேண்டும் என்று வக்கீல் குமாஸ்தா வீரபாண்டியன் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். வெற்றிலை போடக் கூடாது. செல்போன் அலறக் கூடாது. கால் மேல் கால் போட்டு உட்காரக் கூடாது. நீதிபதி உள்ளே வந்தால் எழுந்து நிற்க வேண்டும். கையைக் கட்டிக்கொள்ள வேண்டாம், தொங்கப் போட்டால் போதும். கேட்டதற்கு மட்டும் பதில்.

"தலைய ஆட்டக் கூடாது, பாத்துக்கங்க. 'ஆமா', 'இல்ல'ன்னு வாயத் தெறந்து சொல்லணும். டைப் அடிக்கிற அம்மாவுக்கு நீங்க தலை ஆட்டுறது கேக்காது."

பாண்டீஸ்வரி தலையை ஆட்டினாள்.

"இதத்தான் வேணாம்னேன்" என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். "அப்புறம் சேலை. வெளுத்த சேலையா ஒண்ணு கட்டிக்கங்க. நெத்தியில பொட்டு வேணாம். கழுத்துல கெடக்கிறத… கழட்டச் சொல்லலம்மா. உள்ள போட்டுக்கங்க. வீட்டுக்காரரு இல்லன்னு அறிவிக்கச் சொல்லிக் கேட்டிருக்கோம். நீங்க பொட்டும் தாலியுமா வந்து நின்னா அரசு வக்கீலு சும்மா விடுவாரா?"

அவள் "சரிங்கய்யா" என்று சொல்லி வைத்தாள்.

அவள் கணவர் முத்துவீரன் கொத்தனார். இரண்டாயிரத்துப் பதினெட்டு ஆடி மாதம் கேரளாவுக்கு வீடு கட்டும் வேலைக்குப் போனார். செங்கன்னூர்ப் பக்கம் ஆற்றை ஒட்டி ஓர் ஊர். ஆகஸ்டு பதினைந்தாம் தேதி காலையில் போன் செய்தார். "மழை கொட்டுது. வேலை நின்னு போச்சு. பஸ் ஓடுனா ரெண்டு நாள்ல வந்துருவேன்" என்றார். அதுதான் கடைசி. கேரளாவையே மூழ்கடித்த அந்த வெள்ளம் வடிந்த பிறகு பாண்டீஸ்வரியும் அவள் அண்ணனும் போய் முகாம் முகாமாகத் தேடினார்கள். ஆஸ்பத்திரிகளில் படம் காட்டிக் கேட்டார்கள். கூட வேலை பார்த்த ஆட்களில் இரண்டு பேர் கிடைத்தார்கள். ராத்திரி தண்ணீர் ஏறியபோது ஆளுக்கொரு பக்கம் ஓடினோம் என்றார்கள். உடலும் இல்லை, உடுப்பும் இல்லை. காரைக்குடிக்குத் திரும்பி வந்து போலீசில் எழுதிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து அவள் இரண்டுங்கெட்டானாக இருந்தாள். பொட்டு வைத்தாள், பூ வைப்பதில்லை. கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு வரிசையாக வரும். அவளுக்கு முன்னால் வந்ததும் ஒரு கணம் தயங்கும். நீட்டுகிறவளுக்கும் தெரியாது, எடுப்பதா வேண்டாமா என்று இவளுக்கும் தெரியாது. நாளாக ஆக, தட்டு வருவதற்குள் அடுப்படிப் பக்கம் எழுந்து போகப் பழகிக்கொண்டாள். கோவிலூருக்குப் பக்கத்தில் அவர்கள் இருந்த வீட்டின் பட்டா முத்துவீரன் பேரில் கிடந்தது. எந்த ஆபீசுக்குப் போனாலும் இறப்புச் சான்று எங்கே என்றார்கள். மகள் சிவரஞ்சனிக்கு மூன்று இடத்திலிருந்து கேட்டு வந்தார்கள். மூன்று இடத்திலும் ஒரே கேள்விதான்: "பொண்ணோட அப்பா இருக்காகளா, இல்லையா?" பத்திரிகையில் அந்தப் பேருக்கு முன்னால் என்ன போடுவது என்பதற்குப் பதில் சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் இல்லை.

ஏழு வருடம் ஒரு சேதியும் இல்லாவிட்டால் கோர்ட் அறிவித்துவிடும் என்று வக்கீல் காசிவிஸ்வநாதன் சொன்னார். பாண்டீஸ்வரியோடு இன்னொரு சாட்சியும் வேண்டும். ரத்த உறவாக இருந்தால் நல்லது. முத்துவீரனுக்கு உடன்பிறந்தவள் ஒருத்திதான். கண்டரமாணிக்கத்தில் வாக்கப்பட்டிருந்த அக்கா பொன்னழகு.

அங்கேதான் சிக்கல். தம்பி உயிரோடு இருக்கிறான் என்று ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் பொன்னழகு. சொல்வதோடு நிற்கவில்லை. மூன்று தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்கு நடந்து போனபோது வழியில் தம்பியைப் பார்த்ததாக வந்து சொன்னாள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்ச் சொல்லிக் கைரேகை வைத்தாள். அதற்குப் பிறகு பாண்டீஸ்வரி ஓராண்டு பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்குமாக அலைந்தாள். அப்போது வந்த சம்பந்தத்தை, "அவுக வந்துரட்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

சாட்சிக்கு வரச் சொல்லிக் கேட்கப் போனபோது பொன்னழகு முறத்தில் கிடந்த உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அந்தக் குமாஸ்தா ஒன்ன எப்பிடி வரச் சொன்னான்?"

பாண்டீஸ்வரி சொன்னாள்.

"வெறும் நெத்தியோட நீ அந்தப் படி ஏறுனா நான் ஏற மாட்டேன். ஏறுனாலும் ஒனக்காகப் பேச மாட்டேன். பொட்டு வச்சு, தாலி வெளிய தெரிய வா. வாரியா?"

"அப்பிடி வந்தா கேஸு நிக்காதுங்கிறாக மதினி."

"நிக்காட்டி உக்காரட்டும்."

சம்மதமா மறுப்பா என்று தெரியாமலேயே பாண்டீஸ்வரி பஸ் ஏறினாள்.

விசாரணை நாள் காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். வெளுத்த சேலை ஒன்றை எடுத்துக் கட்டினாள். நெற்றியைத் துடைத்துப் பார்த்தாள். அந்த முகம் கோர்ட்டுக்காகச் செய்து வைத்த முகம் மாதிரி இருந்தது. பழையபடி பொட்டை ஒட்டிக்கொண்டு, அன்றாடம் கடைக்குப் போகிற நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கோர்ட் வாசலில் பொன்னழகு முன்னமே வந்து நின்றாள். தலைக்குக் குளித்து ஈரத் தலையைக் கோடாலி முடிச்சாகப் போட்டிருந்தாள். மஞ்சள் தண்ணீரில் நனைத்த சேலை இன்னும் முழுதும் காயவில்லை. காலில் செருப்பு இல்லை. உதடு காய்ந்திருந்தது, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று தெரிந்தது.

அந்தக் கோலம் எதற்கானது என்று அவர்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். களவு போனதற்கோ வரப்புத் தகராறுக்கோ சாமி முன்னால் சத்தியம் செய்யப் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள். ஈரச் சேலை, வெறும் வயிறு, வெறுங்கால். அப்படி நின்று சொன்ன சொல்லை யாரும் மறுத்துப் பேச முடியாது. சொன்னவளும் பிறகு மாற்றிச் சொல்ல முடியாது.

தம்பியைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்யத்தான் வந்திருக்கிறாள் என்று பாண்டீஸ்வரி நினைத்தாள்.

"பஸ்ஸுல வந்தீகளா மதினி?"

"பின்ன, பறந்தா வருவேன்? இங்குட்டு வா." பொன்னழகு அவளை மேலும் கீழும் பார்த்தாள். வாசலோரம் பூக்காரியிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கி, அவளைத் திருப்பி நிறுத்தித் தலையில் வைத்துவிட்டாள். ஊசி காதோரம் கீறியது.

"வேணாம் மதினி."

"பேசாம நில்லுடி."

வீரபாண்டியன் கோப்புக் கட்டோடு வந்தார். ஒருத்தி தலையில் பூ, இன்னொருத்தி ஈரச் சேலை. அவர் வாயைத் திறந்தார், மூடினார். "ரெண்டு பேருமாச் சேந்து எனக்கு வேட்டு வச்சுட்டீக" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். வக்கீல் காசிவிஸ்வநாதன் வந்து பார்த்தார். "கௌரவமா இருந்தாப் போதும்மா. வீரபாண்டியன் சொன்னதெல்லாம் அவரு சட்டம். உள்ளதைச் சொல்லுங்க" என்றார். பொன்னழகை வெளியே பெஞ்சில் இருக்கச் சொன்னார். முதல் சாட்சி பேசுவதை இரண்டாவது சாட்சி கேட்கக் கூடாதாம்.

பதினோரு மணிக்கு மேல் டவாலி வாசலில் வந்து பாண்டீஸ்வரியின் பேரை மூன்று தடவை கூப்பிட்டார். நீதிபதி சின்ன வயதுப் பெண். கண்ணாடி போட்டிருந்தார். பாண்டீஸ்வரி சாட்சிக் கூண்டுக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். கை தானாகக் கட்டிக்கொள்ளப் போனது. நினைவு வந்து தொங்கப் போட்டாள். காசிவிஸ்வநாதன் ஒவ்வொரு காகிதமாகக் காட்டினார். போலீஸ் கொடுத்த சான்று, பத்திரிகையில் வந்த விளம்பரம், குடும்ப அட்டை. அவள் தலையை ஆட்டாமல் வாயைத் திறந்து ஆமாம் என்றாள்.

பிறகு அரசு வக்கீல் எழுந்தார். அவர் கோபக்காரராகத் தெரியவில்லை. அலுத்துப் போனவராக இருந்தார்.

"உங்கள் கணவர் இறந்துவிட்டதாக அறிவிக்கக் கேட்கிறீர்கள். சரிதானே?"

"ஆமாங்கய்யா."

"தலையில் பூ இருக்கிறது. நெற்றியில் பொட்டு. கழுத்தில் தாலி. இறந்துவிட்டார் என்பதை நீங்களே நம்பவில்லை. கோர்ட் எப்படி நம்பும்?"

காசிவிஸ்வநாதன் பாதி எழுந்தார். நீதிபதி, "பதில் சொல்லட்டும்" என்றார்.

சொல்ல வேண்டியதைப் பாண்டீஸ்வரி யோசித்து வைத்திருக்கவில்லை. அரசு வக்கீலின் கறுப்புக் கோட்டில் இருந்த பொத்தானைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இதெல்லாம் அழிச்சுட்டு வந்திருந்தா நீங்க இதக் கேட்டிருக்க மாட்டீகய்யா. அப்பிடித்தான் வரணும்னும் சொன்னாக. நேத்து வரைக்கும் பொட்டு வச்சிருந்தேன். இன்னைக்கு கேஸுன்னு அழிச்சுட்டு வந்தா வேசம் கட்டிட்டு வந்த மாதிரி இருக்கும். பூ மட்டும் இன்னைக்கு எங்க மதினி வச்சுவிட்டது. ஏழு வருசமா வைக்கல."

"அப்படியானால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்புகிறீர்கள்."

"எனக்குத் தெரியாதுங்கய்யா. இருக்காகன்னும் சேதி வரல. இல்லன்னும் சேதி வரல. சாவுன்னு ஒண்ணு வந்துட்டா, பதினாறாம் நாளு பொறந்த வீட்டுக் கோடிச் சேலை வரும். பொம்பளைக நாலு பேரு கூடி இதக் கழட்டுவாக. நானாக் கழட்டுற வழக்கம் இல்ல. அந்த நாலு பேரும் ஏழு வருசமா ஒரு சொல்லுக்குக் காத்திருக்காக. செத்துட்டாகன்னு பொண்டாட்டி வாயால நான் எப்பிடிச் சொல்ல? சொல்லக்கூடியவுக யாராச்சும் சொல்லட்டும்னுதான் இங்க வந்தேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எழுதிக்கங்க. ஏழு ஆண்டுகளுக்கு மேலாகக் கணவரைப் பற்றி எந்தத் தகவலும் தனக்குக் கிடைக்கவில்லை என்று சாட்சி கூறுகிறார்." அவ்வளவையும் ஒரே வரியில் அடக்கிவிட்டார். பாண்டீஸ்வரிக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஏழு வருடத்தையும் ஒரு வரியில் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே என்று இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அடுத்துப் பொன்னழகைக் கூப்பிட்டார்கள்.

ஈரச் சேலையோடு அவள் வெறுங்காலில் நடந்து வந்த வழியில் புழுதித் தடம் பதிந்தது. கூண்டில் ஏறியதும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"கையை இறக்குங்கம்மா" என்றார் டவாலி.

இறக்கினாள். கூண்டின் கட்டையில் எதையோ தேடினாள். "சூடம் எங்க?"

முன்வரிசையில் இரண்டு இளம் வக்கீல்கள் சிரித்தார்கள். நீதிபதி அவர்களைப் பார்த்தார்; சிரிப்பு நின்றது.

"எதற்கம்மா சூடம்?"

"ஏத்தி அணைச்சுத்தான் சத்தியம் பண்ணுவோம், தாயி."

"இங்கே சூடம் வேண்டாம். நீங்கள் வாயால் சொன்னால் போதும்."

"கொல்லங்குடிக் காளிக்கு முன்னால சொல்றதும் இதும் ஒண்ணுதான?"

நீதிபதி கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்கு எப்படியோ அப்படி" என்றார். "ஈரமாக இருக்கிறீர்களே, உட்கார்ந்து சொல்கிறீர்களா?"

"சத்தியத்துக்கு உக்காரக் கூடாது தாயி."

டவாலி சொல்லச் சொல்ல உறுதிமொழியைத் திருப்பிச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, நாக்கில் எடை பார்த்துச் சொன்னாள். தம்பியிடமிருந்து ஏதாவது கடிதம், போன், ஆள் மூலமாகச் சேதி உண்டா என்று காசிவிஸ்வநாதன் கேட்டார். இல்லை என்றாள். அத்தோடு அவர் உட்கார்ந்துகொண்டார்.

அரசு வக்கீல் போலீஸ் கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். பாண்டீஸ்வரி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பழனிக்குப் போகும் வழியில் தம்பியைப் பார்த்ததாக நீங்கள் போலீசில் சொல்லியிருக்கிறீர்கள். இது உங்கள் கைரேகைதானே?"

"ஆமா."

"அப்படியானால் மூன்று வருடத்துக்கு முன் அவர் உயிரோடு இருந்தார். ஏழு வருடக் கணக்கே இங்கே நிற்காது. பார்த்தீர்களா, இல்லையா?"

பொன்னழகு ஈர முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பாத்தேன். ஒட்டன்சத்திரத்துக்கு அங்குட்டு. முதுகப் பாத்தேன். எந்தம்பி நடை. எடது தோளு கொஞ்சம் சாஞ்சிருக்கும், பத்து வயசுல கலவச் சட்டி செமந்த தோளு. 'முத்து, முத்து'ன்னு கூப்புட்டேன். திரும்பல. கூட்டத்துக்குள்ள போயிட்டான். அது வரைக்கும்தான் போலீசுல சொன்னேன்."

"அது வரைக்கும் என்றால்?"

"அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. யாருட்டயும் சொல்லல." கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் விடல. கூட்டத்துக்குள்ள ஓடிப் போயிக் கையப் புடிச்சுட்டேன். திரும்புனாரு. வேற ஆளு. திண்டுக்கல் பக்கமாம். 'என்னத்தா வேணும்'னு கேட்டாரு. நான் அழுகவும் தண்ணி வாங்கிக் குடுத்து, எங்காளுகளோட கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு. எந்தம்பி இல்ல அது. சத்தியமா எந்தம்பி இல்ல."

"அதை ஏன் மறைத்தீர்கள்?"

பொன்னழகு பின்பக்கம் திரும்பவில்லை. நீதிபதியைப் பார்த்தே சொன்னாள்.

"எந்தம்பி பொண்டாட்டி பொட்டோட இருக்கட்டும்னுதான். அவ நெத்தியில அது இருக்க வரைக்கும் எனக்குத் தம்பி இருந்தான்."

பாண்டீஸ்வரிக்கு உடம்பெல்லாம் காந்தியது. ஒட்டன்சத்திரத்துத் தெருக்களில் படத்தை வைத்துக்கொண்டு அலைந்த நாட்கள், திருப்பி அனுப்பிய அந்த நல்ல மாப்பிள்ளை, ராத்திரி ராத்திரியாகத் தாழ்ப்பாள் போடாமல் சாத்தி வைத்த கதவு. எழுந்து நின்று, மதினி, நீங்களா என்று கேட்க வாய் வந்தது. சாட்சி சொல்லும்போது வேறு யாரும் பேசக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசியிருந்தால் பேசக் கூடாத சொல் ஏதாவது விழுந்திருக்கும் என்று பிறகு நினைத்துக்கொண்டாள். அந்தச் சட்டம் அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரையும் காப்பாற்றியது.

அரசு வக்கீல் தாளைக் கோப்பில் திரும்ப வைத்தார். "வேறு கேள்வி இல்லை" என்றார்.

வெளியே வந்ததும் வீரபாண்டியன் கேஸ் நல்லபடியாகப் போயிருக்கிறது என்றார். தீர்ப்பு இருபத்து நாலாம் தேதி. அதற்கு வரத் தேவையில்லை, போனில் சொல்லிவிடுவார்கள். அவர் போன பிறகு இரண்டு பேரும் வேப்ப மரத்து நிழலில் நின்றார்கள்.

"திட்டுடி" என்றாள் பொன்னழகு.

பாண்டீஸ்வரி ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு டீயும் இரண்டு வடையும் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தாள்.

"எனக்கு எறங்காது."

"காலையிலருந்து பட்டினியா கெடக்கீக. மயங்கி விழுந்தா அதுக்கும் நாந்தான் அலையணும். குடிங்க."

பொன்னழகு ஒரு வாய் குடித்தாள். டீ சூடு கண்ணில் நீரை வரவழைத்ததா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை. முந்தானையில் துடைத்தாள். மஞ்சள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"அந்த சம்பந்தம் நல்ல சம்பந்தம் மதினி" என்றாள் பாண்டீஸ்வரி. குரலை அவளால் சீராக வைக்க முடியவில்லை. "அந்தப் பையனுக்குப் போன வருசம் கல்யாணம் ஆயிருச்சு."

"தெரியும். பத்திரிக வந்துச்சு. வாங்கி வச்சுட்டுப் போகல."

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். வெயிலில் தார் ரோடு கொதித்தது. பாண்டீஸ்வரி தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் தள்ளினாள். பொன்னழகு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு ரோட்டோரத்து மண்ணில் நடந்தாள்.

கண்டரமாணிக்கம் பஸ் வந்து நின்றபோதுதான் பொன்னழகு வாய் திறந்தாள்.

"தீர்ப்பு வந்துட்டா ஒங்க அண்ணனுக்கு ஆரு சொல்றது?"

சாவுச் சேதியைப் பெண்ணின் பிறந்த வீட்டுக்குப் புருஷன் வீட்டு ஆள் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். பெண்ணும் சொல்லக் கூடாது, போனிலும் சொல்லக் கூடாது. முத்துவீரன் வீட்டில் சொல்வதற்கு இருந்தது ஓர் ஆள்தான்.

"எனக்குத் தெரியல மதினி."

பொன்னழகு படியில் காலை வைத்தாள். கண்டக்டர் விசிலை ஊதினார்.

"இருபத்தி நாலு சாயங்காலம் நான் போயிச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே ஏறினாள்.